பத்தில் எத்தனை

எங்கள் விளையாட்டில் பத்து என்றால்
மண்டபம் எழுந்து கைதட்டும்.
திருகோணமலை ஆசுபத்திரியின் பின்கட்டில்,
மின்விசிறி சத்தமிடும் அறையில்,
பத்து என்றால் தாங்க முடியாத நோவு.

"பத்துல எத்தின?" என்றாள் பஸ்லியா.
என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும்.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில்
நின்றபடியே வந்த களைப்பு,
மேசையில் பாதி தின்ற றோல்ஸ்.
"இரண்டு" என்றேன்.
"கைய உசத்துங்க."
காதருகே வருமுன்
என் முகம் ஏழு என்று சொல்லிவிட்டது.

மாகாணப் போட்டிக்கு இருபத்தாறு நாள்.
இரண்டு மாதமாய் இடப்பக்கம் சரிந்தே படுத்தேன்,
புத்தகப் பையைத் தோள் மாற்றினேன்,
பின்னல் போடத் தங்கைக்கு
நாளுக்கு இருபது ரூபா கொடுத்தேன்,
தைல வாசம் போக
பவுடரைக் கொட்டிக்கொண்டேன்.

அவள் ஒரு சோடாப் போத்தலை எடுத்தாள்,
அதன் வாயில் தேசிக்காய் ஒன்றை வைத்தாள்.
"இதுதான் தோள்.
இடுப்புக்கு ஆழமான குழி இருக்கு,
இதுக்கு விளிம்பு மட்டுந்தான்.
அதாலதான் இவ்வளவு சுத்துது."
தேசிக்காய் விழுந்து
அலுமாரிக்கடியில் ஓடிற்று.
"அதாலதான் இதுவும்."

பிடித்துவைத்திருப்பவை நான்கு சின்னத் தசைகளாம்.
பெயர்கள் சொன்னாள், அன்றே மறந்தேன்.
பாரிலிருந்து வீசிக் கீழே வருகையில்
என் நாற்பத்தொரு கிலோ
மூன்று மடங்காய்க் கனக்குமாம்.
அத்தனையையும் அந்த நான்கு
வாய் திறக்காமல் சுமந்திருக்கின்றன,
என்னிடம் பழகிய குணம்.

பிறகு கைபேசியில் என் முதுகைக் காட்டினாள்.
நான் பார்த்தேயிராத முதுகு.
கையை உயர்த்த
இடது தோள்பட்டை எலும்பு
கதவுபோல் வழுக்கித் திறக்கிறது.
வலது பாதியில் நிற்கிறது.
நிலைக்கும் கதவுக்கும் நடுவே
தசைநாண்,
அகப்பட்ட விரலாக.

"ஊசி போட்டா?"
"நோவு வாயை மூடும்.
கதவு திறக்காது."

ஆறு கிழமை பார் இல்லை.
ரொட்ரிகோ சேர் ஒன்றும் பேசவில்லை,
பட்டியலில் என் பெயரை வெட்டினார்,
பேனையை வைத்துவிட்டுப்
பென்சில் தேடியெடுத்து.

பயிற்சிகள் வரைந்த தாளோடு
பஸ்ஸுக்கு நின்றேன்.
கடற்கரை வீதி மானொன்று வந்து
கடைசிப் படத்தைக் கடித்துப்போனது.
மிச்சம் மூன்றைச் செய்தேன்:
றப்பர் பட்டியை வெளிப்பக்கம் இழுப்பது,
சுருட்டிய துவாயில் மேல்முதுகை வளைப்பது,
மேசையில் முழங்கையூன்றிக் கும்பிடுவது.
நோவு நான்கிலேயே நின்றது.

"நாலாவது?"
"மான் தின்டிட்டுது."
அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சுவரைக் கைகளால் தள்ளி,
தள்ளியபின் இன்னும் கொஞ்சம் தள்ளுவது.
அதுதான் கதவைத் தள்ளும் தசைக்கானது.
இம்முறை என் முன்கையிலேயே வரைந்தாள்,
நீலப் பேனையால்.

போட்டியன்று
புள்ளிப் பலகைக்கு எண் மாற்றினேன்.
கந்தளாய்ப் பிள்ளையொருத்தி எட்டு எடுத்தாள்.
இறங்கியதும் அவள் வலது கையை
இடது கையால் தாங்கிப் போனதை
நடுவர்கள் பார்க்கவில்லை.

ஏழாம் கிழமை, தொங்கினேன்.
வீச்சில்லை, சுழற்சியில்லை,
எட்டு வினாடி, காயப்போட்ட சட்டைபோல.
சுண்ணாம்புத் தூள் மணத்தது.
இறங்கி, கேட்குமுன்பே சொன்னேன்:
"மூன்று."
"உண்மையாவா?"
"உண்மையா."
"மூண்டு வரைக்கும் விடலாம்.
நாளைக்குக் காலையில கூடியிருந்தாத்தான்
குறைக்கணும்."

கொப்பியில் எழுத
மேல்தட்டுக்குக் கை நீட்டியவள்
நடுவில் நிறுத்தி
மற்றக் கையால் எடுத்தாள்.
எத்தனை வருடம், எத்தனை பஸ்,
எத்தனை மேல்கம்பி.

"உங்களுக்கு, பத்தில் எத்தனை?"
"ரெண்டு" என்றாள்,
உடனே.

சோடாப் போத்தலை
அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.
தேசிக்காய்க்கு
அலுமாரிக்கடியில் குனிந்தேன்.